மூச்சொலி கேட்கும் ஊர்

நுழையும்முன்

பல இடங்களை விரைந்து கடப்பது மட்டும் பயணமன்று. ஓரிடத்தில் தங்கி அவ்விடத்தின் இயல்பை உணர்வதும் பயணமே. கனடா நாட்டின் ததூசாக் என்னும் ஆற்றங்கரைச் சிற்றூருக்குத் திமிங்கிலங்களைக் காண்பதற்காகப் பயணிகள் பலர் வந்து தங்குகின்றனர். ஒரு காலத்தில் அவ்வுயிர்கள் வேட்டையாடப்பட்ட அதே நீரில், இன்று அவை எவ்வாறு காக்கப்படுகின்றன என்பதை இப்பாடம் எடுத்துரைக்கிறது.

இரு நீர் கூடும் இடம்

கியூபெக் மாநிலத்தில், செயின்ட் லாரன்ஸ் பேராற்றின் வடகரையில் ததூசாக் அமைந்துள்ளது. சாகெனே ஆறு பேராற்றோடு கலக்கும் இடம் இது. முதுகில் பை சுமந்து வரும் பயணி, தென்மேற்கிலிருந்து நெடுஞ்சாலை வழியாக இவ்வூரை அடைய வேண்டுமானால், சாகெனேயின் முகத்துவாரத்தைப் பெரும்படகில் கடக்க வேண்டும். சிற்றுந்துகளையும் சரக்குந்துகளையும் மக்களையும் ஒருங்கே ஏற்றிச் செல்லும் அப்படகுக்குக் கட்டணம் இல்லை. ஏறத்தாழப் பத்து நிமிடப் பயணம். அதற்குள்ளேயே நீரின் மேல் வெண்ணிற முதுகு ஒன்று தோன்றி மறையக் காணும் வாய்ப்பும் உண்டு.

கரையேறியதும் சிவப்புக் கூரை வேய்ந்த பழைய விடுதி ஒன்று கண்ணில் படும். அதனருகே, 1747ஆம் ஆண்டு கட்டத் தொடங்கிய சிறிய மரத் தேவாலயம் நிற்கிறது. இவற்றுக்கெல்லாம் முற்பட்டது இவ்வூரின் வரலாறு. இன்னு மக்கள் நெடுங்காலமாகக் கூடி வணிகம் செய்த இடம் இது. 1600ஆம் ஆண்டில் பிரெஞ்சுக்காரர்கள் இங்கு மென்மயிர்த் தோல் வணிகத்திற்காக ஒரு நிலையம் அமைத்தனர்.

ஆற்றில் திமிங்கிலம் வருவதேன்?

கடலில் வாழும் திமிங்கிலம் ஆற்றுக்குள் வருவதேன் என்னும் வினா இயல்பாகவே எழும். இதற்கான விடை நீரின் அடியில் உள்ளது. அட்லாண்டிக் பெருங்கடலிலிருந்து செயின்ட் லாரன்ஸ் கழிமுகம் வரை, 300 மீட்டருக்கும் மேற்பட்ட ஆழமுடைய பள்ளம் ஒன்று நீண்டு கிடக்கிறது. அப்பள்ளம் ததூசாக் அருகில் திடீரென மேடாகி முடிகிறது. கடலின் ஏற்றம் உள்நோக்கித் தள்ளும்போது, ஆழத்திலுள்ள குளிர்ந்த உவர்நீர் இம்மேட்டில் மோதி மேலெழுகிறது. அதனோடு ஊட்டப்பொருள்களும், கிரில் எனப்படும் இறால் போன்ற நுண்ணிய உயிர்களும் மேலே வந்து திரள்கின்றன. அவற்றை உண்ணச் சிறுமீன்கள் கூடுகின்றன. இவ்விருவகை உணவையும் நாடித் திமிங்கிலங்கள் வருகின்றன.

கோடைக் காலத்தில் மிங்கித் திமிங்கிலமும் துடுப்புத் திமிங்கிலமும் இங்கு மேய வருகின்றன. உலகின் மிகப்பெரிய விலங்காகிய நீலத் திமிங்கிலமும் சில வேளைகளில் தென்படும். இவை யாவும் விருந்தாளிகள். பெலூகா என்னும் வெண்திமிங்கிலமோ ஆண்டு முழுவதும் இந்நீரையே வாழிடமாகக் கொண்டது.

தெரிந்து தெளிவோம்

பெலூகா பிறக்கும்போது சாம்பலும் பழுப்பும் கலந்த நிறத்தில் இருக்கும். வளர வளர வெண்மையாகும். இதற்கு முதுகுத் துடுப்பு இல்லை. கழுத்தெலும்புகள் ஒன்றோடொன்று இணைந்திராமையால் தலையைத் திருப்பிப் பார்க்க வல்லது. சீழ்க்கை, கீச்சொலி, முனகல் எனப் பலவகை ஒலிகளை எழுப்புவதால் மாலுமிகள் இதனைப் பாடும் பறவையின் பெயரால் ‘கடல் கானரி’ என அழைத்தனர்.

பழி சுமந்த உயிர்

19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இக்கழிமுகத்தில் ஏறத்தாழ 10,000 பெலூகாக்கள் வரை வாழ்ந்திருக்கலாம் என ஆய்வாளர் கணித்துள்ளனர். எண்ணெய்க்காகவும் தோலுக்காகவும் அவை பெருமளவில் வேட்டையாடப்பட்டன. மீன்வளம் குறைந்தபோது வேறொரு பழியும் அவற்றின் மேல் விழுந்தது. காட் மீனையும் சால்மன் மீனையும் உண்டு தீர்ப்பவை பெலூகாக்களே என மீனவர் குற்றஞ்சாட்டினர். 1930களில் அரசு, கொல்லப்பட்ட ஒவ்வொரு பெலூகாவுக்கும் பரிசுத்தொகை வழங்கியது. வானூர்தியிலிருந்து குண்டு வீசி அவற்றை விரட்டும் முயற்சியும் நடந்தது.

அக்குற்றச்சாட்டு மெய்தானா என்பதை விளாதிகோவ் என்னும் மீனியல் அறிஞர் ஆராய்ந்தார். பிடிபட்ட பெலூகாக்களின் இரைப்பைகளைத் திறந்து, அவை உண்டவற்றைக் கணக்கிட்டார். மீனவர் பெரிதும் மதித்த மீன்கள் அவற்றின் உணவில் முதன்மை பெறவில்லை என்பதை 1944இல் வெளியான அவரது ஆய்வு காட்டியது. ஆயினும் வேட்டை முற்றிலும் தடைசெய்யப்பட்டது 1979ஆம் ஆண்டில்தான். உண்மை வெளிப்பட்ட காலத்திற்கும் நீதி கிடைத்த காலத்திற்கும் இடையே முப்பத்தைந்து ஆண்டுகள் கடந்திருந்தன.

வேட்டை நின்றபின்னும் துன்பம் தீரவில்லை. ஆலைக்கழிவுகளின் நச்சுப்பொருள்கள் பெலூகாவின் கொழுப்பில் படிந்தன. கரையொதுங்கிய உடல்களில் புற்றுநோய் கண்டறியப்பட்டது. 2012ஆம் ஆண்டில் இவற்றின் எண்ணிக்கை ஏறத்தாழ 900 எனக் கணிக்கப்பட்டது. புதிய முறையில் செய்யப்பட்டு 2023இல் வெளியான கணக்கீடு, 1,500க்கும் 2,200க்கும் இடைப்பட்ட எண்ணிக்கையைத் தருகிறது. இவ்வேறுபாடு கணக்கிடும் முறை மேம்பட்டதால் விளைந்ததேயன்றி, இனம் பெருகியதால் விளைந்ததன்று. இக்கழிமுகத்துப் பெலூகாக்கள் இன்றும் அழிவின் விளிம்பில்தான் உள்ளன.

காண்பதற்கும் ஓர் எல்லை

கொல்லும் கருவி விலகியபின் காணும் கண்கள் வந்தன. திமிங்கிலங்களைக் காட்டும் படகுகள் இவ்வூருக்கு வாழ்வளித்தன. அவற்றின் இயந்திர ஒலி புதியதொரு இடையூறாகவும் ஆயிற்று. பெலூகாக்கள் ஒலியால்தான் இரை தேடுகின்றன. ஒலியால்தான் ஒன்றையொன்று அறிகின்றன. கன்று தாயை அழைக்கும் ஒலி மிக மெல்லியது. படகின் இரைச்சலில் அது அமிழ்ந்துவிட்டால் கன்று தாயைப் பிரிய நேரும்.

1998ஆம் ஆண்டில் சாகெனே–செயின்ட் லாரன்ஸ் கடற்பூங்கா அமைக்கப்பட்டது. அங்குப் படகுகள் பெலூகாவிடமிருந்தும் நீலத் திமிங்கிலத்திடமிருந்தும் குறைந்தது 400 மீட்டர் விலகியிருக்க வேண்டும். தாய்களும் கன்றுகளும் கூடும் செயின்ட் மார்கெரித் விரிகுடாவில், 2018 முதல் கோடைக்காலத்தில் படகுகள் நுழைவதில்லை.

பாறையில் அமர்ந்தவர்

ததூசாக்கின் ஓரத்தில் நீருக்குள் நீண்டிருக்கும் பாறைமுனை ஒன்றுண்டு. விடுதியில் இரவு தங்கிய பயணி, காலையில் கம்பளிச் சட்டை அணிந்து அங்குச் சென்று அமரலாம். கோடையிலும் நீர்க்காற்று குளிரும். சில வேளை மூடுபனி கவிந்து எதிர்க்கரையை மறைத்துவிடும். அப்போது கண்ணுக்கு வேலையில்லை, செவிக்கே வேலை. அலையோசையின் நடுவே, பெருமூச்சு விடுவதுபோல் ஓர் ஒலி எழும். திமிங்கிலம் நீர்மேல் வந்து மூச்சுவிடும் ஒலி அது.

சில நாள்களில் எதுவும் தோன்றாமலும் போகலாம். அதனால் அந்நாள் வீணாவதில்லை. தேடிச் சென்று துரத்துபவரைவிட, இருந்த இடத்தில் பொறுமையோடு காத்திருப்பவரே அவ்வுயிருக்குத் தீங்கின்றி அதனைக் காண்கிறார். பயணிக்கு அது ஓய்வு. திமிங்கிலத்திற்கும் அதுவே ஓய்வு. விலகி நிற்பதும் அன்பின் ஒரு வடிவமே என்பதை அவ்வூர் நெடுங்காலத் தவற்றுக்குப்பின் கற்றுக்கொண்டது. மனிதன் அங்கு விட்டுக்கொடுக்கும் தொலைவு 400 மீட்டர்தான். அத்தொலைவு, தாயும் கன்றும் ஒன்றன் குரலை மற்றொன்று கேட்க இடம் தருகிறது.

கற்பவை கற்றபின்...

1. பெலூகாவின் மீது சுமத்தப்பட்ட பழி எவ்வாறு நீங்கியது என்பதை விளக்குக.

2. ததூசாக் அருகில் திமிங்கிலங்கள் கூடுவதற்கான காரணங்களைப் பட்டியலிடுக.

3. ‘விலகி நிற்பதும் அன்பின் ஒரு வடிவமே’ என்னும் கருத்தினைச் சான்றுகளுடன் வகுப்பறையில் கலந்துரையாடுக.

4. உங்கள் பகுதியிலுள்ள நீர்நிலை ஒன்றின் கரையில் ஒரு மணி நேரம் அமர்ந்து, கண்டவற்றையும் கேட்டவற்றையும் ஒரு பக்க அளவில் எழுதுக.