புள்ளி இடம் மாறினால்

சிங்கப்பூரிலிருந்து படகில் சுமார் ஒரு மணி நேரம் பயணம் செய்தால் இந்தோனேசியாவின் பாத்தாம் தீவை அடையலாம். அங்குள்ள கடையில் ஒரு பாத்தேக் சட்டையின் விலை 150.000 ரூப்பியா என்று எழுதப்பட்டிருக்கிறது என வைத்துக்கொள்வோம். அதை வெறும் நூற்றைம்பது ரூப்பியா என்று எந்தப் பயணியும் எண்ணமாட்டார். சட்டையைப் பார்த்ததுமே ஒன்றரை இலட்சம் ரூப்பியா என்று புரிந்துகொள்வார். கணினியோ சட்டையைப் பார்ப்பதில்லை. அதற்குத் தெரிவன ஆறு இலக்கங்களும் ஒரு புள்ளியும் மட்டுமே.

மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் ஆயிரத்தைப் பிரிக்கக் காற்புள்ளியையும் தசமத்தைக் காட்டப் புள்ளியையும் இடுகிறோம். ஆயிரத்து இருநூற்றுத் தொண்ணூற்றொன்பதரை என்பதை 1,299.50 என்று எழுதுகிறோம். அதையே இந்தோனேசியரும் ஜெர்மானியரும் 1.299,50 என்று எழுதுவர். பிரான்சில் ஆயிரத்துக்குப் பின் ஓர் இடைவெளி விடுவர்: 1 299,50. சுவிட்சர்லாந்தில் மேலே ஒரு சிறு கீற்று இடுவர்: 1'299.50. இவற்றுள் எதுவும் பிழையன்று. 2003-ஆம் ஆண்டு கூடிய எடை, அளவைகளுக்கான பொது மாநாடும் தசமக் குறியாகப் புள்ளியையோ காற்புள்ளியையோ பயன்படுத்தலாம் என்றே தீர்மானித்தது. நீண்ட எண்களில் இலக்கங்களை மும்மூன்றாகப் பிரிக்க இடைவெளி விடலாம், அங்கே புள்ளியோ காற்புள்ளியோ இடக்கூடாது என்றும் அது கூறியது. கடைத்தெருவின் பழக்கம் அதனால் மாறிவிடவில்லை.

தமிழ்நாட்டில் பத்து இலட்சத்தை 10,00,000 என்று எழுதுகிறார்கள். நாம் 1,000,000 என்று எழுதுகிறோம். இவ்வேறுபாடு கணினிக்குப் பெரிய தொல்லை தருவதில்லை. காற்புள்ளிகளை நீக்கிவிட்டால் இரண்டும் ஒரே எண்தான். புள்ளியும் காற்புள்ளியும் தங்களுக்குள் வேலையை மாற்றிக்கொள்ளும்போதுதான் சிக்கல் பிறக்கிறது.

இணையக் கடைகளுக்கு இச்சிக்கல் ஏன் பெரிதாகிறது? ஒரு கடை தன்னிடமுள்ள பொருள்களின் பெயர், விலை, இருப்பு, படம் ஆகியவற்றை ஒரே கோப்பாகத் தொகுத்துத் தேடுபொறிகளுக்கும் விலை ஒப்பிடும் தளங்களுக்கும் அனுப்புகிறது. ஆயிரக்கணக்கான பொருள்களைக் கொண்ட அக்கோப்பை மனிதர் யாரும் வரிவரியாகப் படிப்பதில்லை. ஒரு கணினி எழுதுகிறது. மற்றொரு கணினி படிக்கிறது. எழுதிய கணினி ஒரு நாட்டு வழக்கத்திலும் படிக்கும் கணினி வேறொரு நாட்டு வழக்கத்திலும் இயங்கினால் விலை மாறிவிடும்.

எப்படி மாறும் என்பதைச் சற்றுக் கவனியுங்கள். ஜாவாஸ்கிரிப்ட் என்னும் நிரல்மொழியில் எழுத்து வடிவில் உள்ளதை எண்ணாக மாற்றும் கட்டளை ஒன்று உண்டு. அது இடமிருந்து வலமாகப் படித்துச் செல்லும். புரியாத குறி வந்ததும் அங்கேயே நின்று, அதுவரை படித்ததை விடையாகத் தரும். அதனிடம் 1,299.50 என்று கொடுத்தால் 1 என்கிறது. 1.299,50 என்று கொடுத்தால் 1.299 என்கிறது, அதாவது ஏறத்தாழ ஒரு ரிங்கிட் முப்பது சென். இரண்டு முறையும் அது பிழைச் செய்தி எதுவும் காட்டுவதில்லை. கணினி தவறாகப் புரிந்துகொள்வதைவிட, புரிந்துவிட்டதுபோல் மௌனமாக இருப்பதே ஆபத்தானது.

இன்னொரு சிக்கலும் உண்டு. விவரங்களைக் காற்புள்ளியால் பிரித்துச் சேமிக்கும் கோப்பு வகையில் 'சட்டை,49,90,நீலம்' என்ற வரி இருந்தால், 49 விலை ஆகிவிடும். 90 நிறம் ஆகிவிடும்! இதனால்தான் ஜெர்மானிய வழக்கத்தில் அமைந்த விரிதாள்கள் காற்புள்ளிக்குப் பதிலாக அரைப்புள்ளியால் விவரங்களைப் பிரிக்கின்றன.

புள்ளிக்குப் பின் மூன்று இலக்கங்கள் வந்தால் அது ஆயிரம் என்று கணினிக்குக் கற்றுக்கொடுக்கலாமே எனச் சிலர் நினைக்கக்கூடும். குவைத் நாட்டின் ஒரு தினார் ஆயிரம் ஃபில்சுகளைக் கொண்டது. அங்கே 1.250 தினார் என்றால் ஒன்றேகால் தினார். கணினியை ஊகிக்க விட்டால் அது ஆயிரத்து இருநூற்றைம்பது தினார் ஆகிவிடும்.

எனவே, கோப்பில் விலையை அலங்காரமின்றி எழுதுவதே பாதுகாப்பானது. 1299.50 என்று இலக்கங்களும் ஒரே ஒரு தசமப் புள்ளியும், அதனுடன் எம்.ஒய்.ஆர். போன்ற மூன்றெழுத்து நாணயக் குறியீடும் இருந்தால் போதும். கூகளுக்கு விலைக்கோப்பு அனுப்பும் வணிகர்களும் இவ்வாறே எழுத வேண்டியுள்ளது. வாடிக்கையாளரின் திரையில் தோன்றும்போது மட்டும் அவரவர் நாட்டு வழக்கப்படி காற்புள்ளியையோ இடைவெளியையோ சேர்த்துக்கொள்ளலாம்.

தவறான விலை இணையத்தில் ஏறிவிட்டால் யார் பொறுப்பு? சிங்கப்பூரில் 2003-ஆம் ஆண்டு சனவரி மாதம் இதற்கு ஒரு சோதனை வந்தது. 3,854 வெள்ளி விலையுள்ள அச்சுப்பொறி ஒன்று இணையக் கடையில் 66 வெள்ளி எனக் காட்டப்பட்டது. அதற்குக் காரணம் காற்புள்ளி அன்று. பயிற்சியின்போது உள்ளிட்ட எண் தவறுதலாகக் கடையின் பக்கத்தில் ஏறிவிட்டது. ஆறு பேர் மட்டும் 1,606 அச்சுப்பொறிகளுக்கு ஆணை கொடுத்தனர். கடை தர மறுக்கவே, வழக்குத் தொடுத்தனர். விலை தவறு என்பதை அறிந்தே வாங்க முற்பட்டதால் ஒப்பந்தம் செல்லாது என்று உயர்நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2005-இல் மேல்முறையீட்டு நீதிமன்றமும் அதை உறுதிசெய்தது.

ஆயினும், எல்லாப் பிழைகளும் இப்படிக் கண்ணுக்குத் தெரிவதில்லை. ஆயிரத்து முந்நூறு ரிங்கிட் நாற்காலி ஒரு ரிங்கிட்டுக்குக் கிடைத்தால் எவரும் ஐயுறுவர். 49,90 என்ற சட்டை விலையைக் கணினி 49 என்று படித்தால் வாங்குபவர் ஐயுறமாட்டார், விற்பவருக்கும் தெரியாது. ஒரு சட்டைக்குத் தொண்ணூறு சென் குறையும். ஐந்நூறு சட்டைகள் விற்ற பின், ஆண்டுக் கணக்கில் 450 ரிங்கிட் எங்கே போயிற்று என்று கடைக்காரர் தேடிக்கொண்டிருப்பார்.