ஆப்பிளின் கசப்புப் புள்ளி

இமாசலப் பிரதேசத்துக் கோட்கட் மலைச்சரிவுகளில் 1916-ஆம் ஆண்டில் சாமுவேல் ஸ்டோக்ஸ் அமெரிக்க ஆப்பிள் கன்றுகளை நட்டார். இன்று அம்மாநிலக் குடியானவர் பலருக்கு ஆப்பிளே ஜீவனம்.

பறிக்கையில் குறையற்றுத் தோன்றும் கனியிலும், சேமித்து வைத்தபின் பழுப்புப் புள்ளிகள் காண்பதுண்டு. புள்ளியின் கீழ்ச் சதை தக்கைபோலாகிக் கசக்கும். இது பூச்சியாலோ பூசணத்தாலோ வருவதன்று. கனியில் சுண்ணாம்புச்சத்துக் குறைவதால் வருவது.

மண்ணில் அச்சத்து இருந்தும் இக்குறை நேர்வது ஏன்? நீரோடுதான் அது வேரிலிருந்து மேலேறும். இலையில் சேர்ந்தபின் கனிக்குத் திரும்பாது. பிஞ்சுப் பருவத்தில் நிலம் காய்ந்தால் கனிக்குக் கிட்டாது. தழைச்சத்து மிகுந்தாலோ, செழித்த தளிர்களே அதனைக் கவர்ந்துகொள்ளும்.

ஆப்பிள் பயிரிடுவோர் செய்யத்தக்கவை:

1. வேர்ப்பரப்பில் புல்லும் சருகும் பரப்பி ஈரம் காத்தல்.
2. காயவிட்டுப் பின் பெருக்காமல், சீராக நீர் பாய்ச்சுதல்.
3. மண், இலைப் பரிசோதனைக்குப் பின்னரே யூரியா இடுதல்.
4. கால்சியம் குளோரைடு கரைசலைக் குளிர்ந்த வேளையில் கனிகள் நனையப் பலமுறை தெளித்தல்.

நம் அங்கத்தினர்க்கும் இதில் பாடமுண்டு. தக்காளிக் காயின் நுனி அழுகலுக்கும் இதே சத்துக் குறைவே காரணம். அங்கும் முதலில் நீர்ப் பாய்ச்சலைச் சீராக்குக. சங்கத்தின் பெயரால் விற்கும் கூடையில் ஒருவரது சரக்குக் கெட்டாலும், அனைவரது விலையும் குறையுமன்றோ?