வயர் எங்கிருந்து வருகிறது?

பழைய வீட்டில் ஒரு பிளக் பொயின்ற்றை இடம் மாற்றுவது சுவர் வேலை என்றுதான் பலரும் நினைக்கிறோம். ஓர் உளி, ஒரு சுத்தியல், நாலடி பைப், ஒரு சட்டி சீமெந்து, அவ்வளவுதான். மட்டக்களப்புப் புளியந்தீவில் மாமியின் வீட்டுக் குசினியைத் திருத்தத் தொடங்கியபோது நானும் அப்படித்தான் கணக்குப் போட்டிருந்தேன். வேலைக்கு வந்த மின் வேலைத் தம்பி சுவரைத் தொடவேயில்லை. நேரே விறாந்தைக்குப் போய் மெயின் போர்ட்டைத் திறந்தார். "வயர் எங்க இருந்து வாறதெண்டு பாப்பம் அண்ணன். மறுகா எங்க வைக்கிறதெண்டு சொல்லுங்க."

அந்த வீட்டில் நாங்கள் செய்த வேலை முழுவதும் இந்த வரிசையில்தான் நடந்தது. வாவிக்கரையில் பழைய வீடு வைத்திருப்பவர்களுக்குப் பயன்படும் என்று அதில் கற்றதை எழுதுகிறேன். வயரில் கை வைக்கும் வேலையைத் தகுதிச் சான்றிதழ் உள்ள ஒருவரிடமே விட வேண்டும். எதைக் கேட்பது, எதைப் பார்ப்பது, எதற்குச் சம்மதிக்காமல் இருப்பது என்பவை வீட்டுக்காரரின் வேலை.

முதலில் சுமை

அந்தக் காலத்துக் குசினியில் ஒரு லைட், ஒரு பொயின்ற் இருந்தால் போதும். விறகடுப்பில்தான் சமையல். அந்த ஒற்றைப் பொயின்ற் பெரும்பாலும் லைட் வயரிலிருந்தே கிளை எடுத்து வந்திருக்கும். பழைய ஆட்கள் 1/044 என்று சொல்லும் அந்த வயர் ஏறக்குறைய 1 சதுர மில்லிமீற்றர் கனம். லைட்டுக்கும் ஃபேனுக்கும் அது தாராளம்.

இன்றைய குசினியைக் கணக்குப் பாருங்கள். நமது மின்சாரம் 230 வோல்ற். 2000 வாற் கேத்தல் 8.7 அம்பியர் இழுக்கும். 1000 வாற் ரைஸ் குக்கர் 4.3 அம்பியர். இரண்டையும் ஒன்றாகப் போட்டால் 13 அம்பியர். இதை லைட் வயரின் தலையில் ஏற்றினால் பியூஸ் போகும். பியூஸ் அடிக்கடி போகிறதென்று யாராவது தடித்த கம்பியைக் கட்டிவிடுவார்கள். அதன் பிறகு பியூஸ் போகாது, சுவருக்குள் வயர்தான் சூடாகும்.

ஆகவே பொயின்ற் இருக்கும் இடத்தை மாற்றினால், அதில் மாட்டப்போகும் சாமானும் மாறும் என்று எடுத்துக்கொள்ள வேண்டும். குசினிக்கு 2.5 சதுர மில்லிமீற்றர் வயர், அதாவது கடையில் 7/0.67 என்று கேட்டு வாங்குவது, போர்ட்டிலிருந்து தனியாக வர வேண்டும். சுடுநீர் ஹீற்றருக்கும் ஏசிக்கும் அவற்றுக்கென்றே தனி வயர், தனி பிறேக்கர். வீட்டுக்கு வரும் இணைப்பே 30 அம்பியர்தான் என்றால், எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் போட முடியாது என்பதையும் வீட்டார் தெரிந்திருக்க வேண்டும். மீற்றருக்கு முன்னால் மின்சார சபையின் முத்திரை உள்ள எதிலும் நாமோ நமது ஆளோ கை வைக்கக் கூடாது.

கழற்றினால் தெரிவது

குசினியின் பழைய வட்டமுனை 15 அம்பியர் பொயின்ற்றை மெயினை அணைத்துவிட்டுக் கழற்றினோம். திருகாணிகள் துருவேறி இறுகிக் கிடந்தன. ஒன்றின் தலை உடைந்தே வந்தது. உள்ளே இரும்புப் பெட்டியின் அடிப்பாகம் தகடு தகடாக உரிந்து கிடந்தது. வயர் மாட்டும் பித்தளைத் துண்டுகளில் பச்சைக் களிம்பு. ஒரு மூலையில் பல்லி முட்டை ஓடு. வயரின் றப்பர் உறையை அவர் விரலால் சற்று வளைத்தார். பொருக்கு உடைந்து கையில் கறுப்புத் தூளாகக் கொட்டியது. உள்ளே செம்புக் கம்பி அம்மணமாகத் தெரிந்தது. எர்த் கம்பி மாட்ட வேண்டிய துளை வெறுமையாக இருந்தது.

மாமி குசினி வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். "இவ்வளவு நாளும் இதிலதானே மகன் பிறிஜ் ஓடினது" என்றார். ஓடியது உண்மைதான். மின்சாரம் ஓடுவதற்குக் கம்பி போதும். ஆட்களைக் காப்பாற்றத்தான் உறையும் எர்த்தும்.

இங்கே வயரைக் கெடுப்பது வயது மட்டுமல்ல. ஒரு பக்கம் கடல், ஒரு பக்கம் உவர் வாவி. காற்றே உப்போடுதான் வருகிறது. உப்பு ஈரத்தைப் பிடித்து வைக்கும். களிம்பு ஏறிய முனையில் தொடுகை தளரும், தளர்ந்த இடத்தில் சூடு பிறக்கும். பொயின்ற்றின் முகத்தில் பழுப்பு நிறம் பரவியிருந்தால், பிளக்கைக் கழற்றும்போது அது சுட்டால், அந்தச் சூடுதான் காரணம். அதனால் புதிதாக வைக்கும்போது சுவருக்குள் இரும்புப் பெட்டிக்குப் பதில் பிளாஸ்ரிக் பெட்டி கேளுங்கள். திருகாணி துருப்பிடிக்காத உருக்காக இருக்கட்டும். வட்டமுனைப் பொயின்ற்றை அதே வடிவில் திரும்ப வைக்க வேண்டாம். சதுரமுனை 13 அம்பியர் பிளக்கைத் தேசிய நியமமாகப் பொதுப் பயன்பாடுகள் ஆணைக்குழு 2016இல் அறிவித்துவிட்டது. அந்த பிளக்குக்குள்ளேயே பியூஸ் இருக்கிறது. மேசை விளக்குக்கு 3 அம்பியர், கேத்தலுக்கு 13 அம்பியர் என்று சாமானுக்கு ஏற்றதைப் போடலாம்.

நிறமும் கவனிக்க வேண்டியது. பழைய வயரில் சிவப்பு உயிர்க்கம்பி, கறுப்பு நியூற்றல், பச்சை எர்த். புதியதில் மண்ணிறம், நீலம், பச்சை-மஞ்சள். இரண்டும் கலந்து கிடக்கும் வீட்டில் நிறத்தை நம்பக் கூடாது, அளந்துதான் பார்க்க வேண்டும். ரெஸ்ரர் எரியவில்லை என்பதால் கரண்ட் இல்லை என்றாகாது. முதலில் கரண்ட் உள்ளது என்று தெரிந்த இடத்தில் வைத்து அது எரிகிறதா என்று பார்த்துவிட்டு, பிறகுதான் வேலை செய்யும் இடத்தில் வைக்க வேண்டும்.

தண்ணீர் வந்த உயரம்

வாவிப் பக்கத்தில் பொயின்ற்றின் உயரத்தைத் தீர்மானிக்க வேண்டியது தண்ணீர். 2011 ஜனவரி வெள்ளத்தில் மட்டக்களப்பு பட்ட பாடு எல்லோருக்கும் நினைவிருக்கும். படுவான்கரையில் தண்ணீர் நின்ற கறை பல வீட்டுச் சுவர்களில் பிறகும் தெரிந்தது. மேற்கிலிருந்து வரும் வெள்ளம் வாவியில் தேங்கும். மணல் மூடிய முகத்துவாரத்தை வெட்டினால்தான் கடலுக்கு இறங்கும். அது வெட்டுகிற வரையில் வீட்டுக்குள் தண்ணீர் அசையாமல் நிற்கும்.

உங்கள் வீட்டிலோ அடுத்த வீட்டிலோ தண்ணீர் எதுவரை வந்தது என்று வயதானவர்களிடம் கேளுங்கள். அதற்கு ஓரடியாவது மேலே பொயின்ற் இருக்கட்டும். மாமியின் வீட்டில் நிலத்திலிருந்து ஒரு சாண் உயரத்தில் இருந்தவற்றையெல்லாம் இடுப்பளவுக்கு ஏற்றினோம். வயர் மேலிருந்து கீழே இறங்க வேண்டும். கீழே ஒரு பெட்டியில் மூட்டுப் போட்டு அங்கிருந்து மேலே ஏற்றினால், பொயின்ற் உயரத்தில் இருந்தும் பயனில்லை.

கிணற்றடி மோட்டார், வளவு லைட், விறாந்தைப் பொயின்ற் இவை தனி பிறேக்கரில் இருப்பது நல்லது. தண்ணீர் ஏறும்போது அவற்றை மட்டும் அணைத்துவிட்டு வீட்டுக்குள் லைட் வைத்திருக்கலாம். விறாந்தைப் பொயின்ற்றை வாடைக்காற்று சாரலை அடிக்கும் சுவரில் வைக்காதீர்கள். மறு சுவரில், மூடி உள்ளதாக வையுங்கள்.

வெள்ளத்தில் மூழ்கிய பொயின்ற்றைக் காய வைத்து மீண்டும் பாவிப்பது இங்கே வழக்கம். வாவித் தண்ணீர் வற்றினாலும் உப்பு உள்ளே தங்கிவிடும், அடுத்த மாரியில் அது ஈரத்தை இழுக்கும். மூழ்கியதை மாற்றிவிடுவதே நல்லது. வயர் உறையின் காப்பை மெகர் கருவி வைத்து 500 வோல்ற்றில் சோதிக்கச் சொல்லுங்கள். 1 மெகாஓமுக்குக் கீழே காட்டினால் அந்த வயரில் கரண்ட் கொடுக்கக் கூடாது.

சுவரும் கூரையும்

நமது பழைய வீடுகளின் சுவர் பல இடங்களில் சுண்ணாம்புச் சாந்து. கல்குடா, பாசிக்குடாப் பக்கத்தில் முருகைக் கல்லைச் சுட்டு எடுத்த சுண்ணாம்பு ஒரு காலத்தில் தாராளமாகக் கிடைத்தது. அந்தச் சுவரில் உளி வைத்தால் கோடு போட்ட இடத்தில் நிற்காது, பொருக்குப் பொருக்காகப் பெயரும்.

பொதுவான கணக்கு ஒன்று உண்டு. நிமிர்வாக வெட்டும் காடி சுவரின் கனத்தில் மூன்றில் ஒன்றைத் தாண்டக் கூடாது. கிடையாக வெட்டுவது ஆறில் ஒன்றைத் தாண்டக் கூடாது. நாலரை அங்குலச் சுவரில் ஆறில் ஒன்று முக்கால் அங்குலம், அதாவது 19 மில்லிமீற்றர். 20 மில்லிமீற்றர் பைப்பே அதற்குள் அடங்காது. ஆகவே கிடையாக வெட்டிக்கொண்டு போகச் சம்மதிக்காதீர்கள். மேலே கொண்டுபோய் நேர் கீழே இறக்கட்டும். உதிரும் சுவராக இருந்தால் வெட்டாமல் மேலாகக் கேசிங் அடிப்பதில் ஒரு குறையுமில்லை. பழுதானால் மூடியைக் கழற்றிப் பார்க்கலாம் என்பது அதில் கூடுதல் வசதி.

எங்கே வெட்டினாலும் வயர் நிமிர்வாகவோ கிடையாகவோ மட்டும் போக வேண்டும், சாய்வாகக் கூடாது. நாளைக்குச் சாமிப்படம் மாட்ட ஆணி அடிப்பவர் பொயின்ற்றைப் பார்த்தே வயர் போகும் வழியை ஊகிக்க முடிய வேண்டும். சாந்து பூசுவதற்கு முன் அளவு நாடாவை வைத்து ஒவ்வொரு சுவரையும் படம் எடுத்துவிடுங்கள்.

கூரைக்குள் ஏறிப் பார்த்தால் வேறு கதை. 1978 நவம்பர் 23 சூறாவளியில் கூரை போன வீடுகளைத் திரும்ப மூடியவர்கள் அவசரத்தில் செய்த வேலைகள் இன்னும் பல வீடுகளின் முகட்டுக்குள் கிடக்கின்றன. முறுக்கிக் கட்டி ரேப் சுற்றிய மூட்டு, அணிலும் எலியும் கடித்த வயர், ஓடு ஒழுகும் இடத்துக்கு நேர் கீழே ஒரு இணைப்பு. அங்கே போகும் வயர் பைப்புக்குள் இருக்க வேண்டும், மூட்டுகள் பெட்டிக்குள். சீலிங் அஸ்பெஸ்ரஸ் தகடாக இருந்தால் துளை போடுமுன் நனைத்து, முகமூடி அணிந்துதான் செய்ய வேண்டும். அந்தத் தூசு நுரையீரலுக்குக் கேடு.

நீட்ட வேண்டாம், புதிதாக இழுங்கள்

பொயின்ற்றை ஆறடி தள்ளி வைக்கும்போது பழைய வயர் எட்டாது. ஒட்டு வயர் போட்டு மூட்டைச் சுவருக்குள் வைத்துப் பூசிவிடலாமே என்று சொல்பவர்கள் உண்டு. பூசிய மூட்டு தளர்ந்தால் எங்கே என்று எவருக்கும் தெரியாது. நல்ல வழி, போர்ட்டிலிருந்து புதிய வயர். அது முடியாது என்றால் பழைய பெட்டியை இணைப்புப் பெட்டியாக விட்டு, வெற்று மூடி போட்டு, எப்போதும் திறக்கக்கூடியதாக வையுங்கள்.

இன்னொன்று. சில வீடுகளில் பொயின்ற்றுகள் வளையமாகக் கட்டப்பட்டிருக்கும். போர்ட்டிலிருந்து புறப்படும் வயர் எல்லாப் பொயின்ற்றையும் சுற்றி மீண்டும் போர்ட்டுக்கே வரும். இரண்டு பக்கமும் சுமையைப் பங்கிடுவதால் 2.5 வயருக்கு 32 அம்பியர் பிறேக்கர் போட்டிருப்பார்கள். நடுவில் ஒரு பொயின்ற்றை நகர்த்தும்போது வளையம் அறுந்தால் எல்லாச் சாமானும் வழக்கம்போல் வேலை செய்யும், ஒரு வித்தியாசமும் தெரியாது. ஆனால் சுமை ஒரு பக்க வயரில் ஏறும், 32 அம்பியர் பிறேக்கர் அதைத் தடுக்காது. வளையத்தைத் திரும்ப மூட வேண்டும், அல்லது பிறேக்கரை 20 அம்பியருக்கு இறக்க வேண்டும். வேலை முடிந்ததும் இதைக் கேட்டே ஆக வேண்டும்.

எர்த்தும் ட்ரிப்பும்

இலங்கையில் வீட்டுக்கு எர்த்தை வீட்டுக்காரர்தான் போட வேண்டும், நிலத்தில் அறைந்த கம்பியின் மூலம். கல்லடி, காத்தான்குடிப் பக்கத்து மணலில் கச்சான் வீசும் மாதங்களில் மேல்மண் காய்ந்து எர்த் பலவீனமாகும். வாவி ஓரத்து ஈர மண்ணில் எர்த் நன்றாகப் பிடிக்கும், ஆனால் உப்பு கம்பியை அரிக்கும். கம்பியின் இறுக்கியை வருடத்துக்கு ஒருமுறை பாருங்கள்.

எர்த் 100 ஓம் என்று வைத்துக்கொள்ளுங்கள். பிறிஜின் தகட்டில் கரண்ட் கசிந்தால் நிலத்துக்குப் போவது 2.3 அம்பியர். 20 அம்பியர் பிறேக்கர் அதைக் கண்டுகொள்ளாது, தகட்டில் கரண்ட் நின்றுகொண்டே இருக்கும். அங்கே காப்பாற்றுவது, கசிவைக் கண்டதும் மின்சாரத்தை வெட்டும் 30 மில்லிஅம்பியர் ட்ரிப் சுவிச். பழைய வீடுகளில் 100 மில்லிஅம்பியர் ட்ரிப் இருக்கலாம், முகத்தில் எழுதியிருக்கும், பார்த்து மாற்றுங்கள். எர்த் கம்பியே இல்லாவிட்டால் கசிவு யாராவது தொடும்போதுதான் நிலத்துக்குப் போகும். அப்போதுதான் ட்ரிப்பும் விழும்.

மாரியில் ட்ரிப் விழுகிறதென்று அதைத் தாண்டி நேரடியாக வயர் கொடுத்துவிடும் வழக்கம் நம்மிடம் இருக்கிறது. மாமியின் வீட்டிலும் முன்பு வந்த ஒருவர் அப்படிச் செய்துவிட்டுப் போயிருந்தார். ட்ரிப் விழுந்தால் அது கசிவைச் சொல்கிறது. பிறேக்கர்களை ஒவ்வொன்றாக அணைத்துப் பார்த்தால் எந்தப் பக்கம் என்று தெரியும். எங்களுக்கு அது கிணற்றடி லைட்டில் வந்து நின்றது. மாதம் ஒருமுறை ட்ரிப்பில் உள்ள 'ரி' பொத்தானை அழுத்துங்கள். விழாவிட்டால் அன்றே ஆளைக் கூப்பிடுங்கள்.

காசு குறைவென்றால்

எல்லாவற்றையும் ஒரேயடியாகச் செய்ய எல்லோருக்கும் இயலாது. எங்களுக்கும் இயலவில்லை. முதலில் எர்த்தையும் ட்ரிப்பையும் செய்தோம். அடுத்து குசினிக்குத் தனி வயர். பிறகு கீழே இருந்த பொயின்ற்றுகளை மேலே ஏற்றினோம். ஹோலில் ரீவிக்குப் பின்னால் வயர் தெரியாமல் மறைக்கும் வேலை கடைசி வரைக்கும் தள்ளிப்போனது, இன்னும் மிச்சம் கிடக்கிறது.

வேலை முடிந்ததும் அந்தத் தம்பியிடம் மூன்று விடயங்களை எழுதி வாங்கினேன்: எந்த பிறேக்கர் எந்த அறைக்கு, எர்த் எத்தனை ஓம், ஒவ்வொரு வயரின் மெகர் அளவு. அந்தத் தாளைப் போர்ட்டின் கதவுக்கு உட்புறம் ஒட்டியிருக்கிறோம். அடுத்த முறை யார் வந்தாலும், எந்த வயர் எங்கிருந்து வருகிறது என்று மாமியே காட்டிக் கொடுப்பார்.