ராக்கெட்டைக் கொஞ்ச நாள் கீழே வை

1. முழங்கை வலி குறைந்த நாளில்தான் நீ ஜாக்கிரதையாக இருக்க வேண்டும், கண்ணா. வலிக்கிற நாளில் கையே உன்னைத் தடுத்துவிடும். நம் வண்டலூர் ஷட்டில் கோர்ட்டில் எத்தனை பேரைப் பார்த்திருக்கிறேன்! ‘இப்ப பரவாயில்ல பெரியப்பா’ என்ற அன்றைக்கே ஸ்மாஷ் அடிப்பார்கள். மறுநாள் டீ கிளாஸ் இடதுகைக்கு மாறியிருக்கும்.

2. சுளுக்கு எடுக்க ஓடாதே. மணிக்கட்டைத் தூக்கும் தசை முழங்கையின் வெளிப்புற எலும்போடு ஒட்டுகிற இடத்தில் நார் நைந்திருக்கிறது. அழுத்தி உருவினால் இன்னும் நையும். ஸ்டீராய்டு ஊசிக்கும் அவசரப்படாதே. சில வாரம் சுகமாக இருக்கும். ஓர் ஆண்டு கழித்துப் பார்த்தால் ஊசி போடாதவர்களே நன்றாகத் தேறியிருக்கிறார்கள் என்கின்றன ஆய்வுகள். விரல் மரத்துப்போனால் மட்டும் தாமதிக்காமல் டாக்டரிடம் போ.

3. சச்சினுக்கும் இதே முழங்கைதான். 2004 அக்டோபரில் ஆஸ்திரேலியா சேப்பாக்கத்துக்கு வந்தபோது அவர் ஆடவில்லை. சச்சின் இல்லாத சேப்பாக்கம் என்று ஊரே புலம்பியது. கடைசி நாளை மழை வேறு கொண்டுபோனது. அடுத்த டெஸ்டிலேயே திரும்பினார், ஆனால் வலி விடவில்லை. 2005 மே மாதம் லண்டனில் அறுவை சிகிச்சை. அக்டோபரில் நாக்பூரில் இலங்கைக்கு எதிராக 93 ரன். டிசம்பரில் டெல்லியில் 35-வது டெஸ்ட் சதம், கவாஸ்கரின் சாதனையைத் தாண்டியது. அவருக்கே ஒரு வருஷத்துக்கு மேல் ஆயிற்று. நீ மூன்றாவது வாரத்தில் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டால் எப்படி?

4. சும்மா கிடந்தாலும் கை தேறாது. அரை லிட்டர் தண்ணீர் பாட்டிலை எடு. முன்கையை மேசைமேல் கிடத்தி, உள்ளங்கை தரையைப் பார்க்க மணிக்கட்டை விளிம்புக்கு வெளியே விடு. நல்ல கையால் மேலே தூக்கிவிட்டு, நோகிற கையால் மெல்ல இறக்கு. மறுநாள் காலையில் வலி கூடியிருந்தால் குறைத்துக்கொள். இதற்கு யாரும் கைதட்ட மாட்டார்கள். தினமும் செய்கிறாயா என்பதில்தான் உன் குணம் தெரியும்.

5. உதவி கேட்கக் கூச்சப்படாதே. 20 லிட்டர் கேனைக் கொண்டுவருகிற தம்பியிடமே கவிழ்த்துவிட்டுப் போகச் சொல். ஈரத்துணியை முறுக்கிப் பிழியாதே. ஜிஎஸ்டி ரோடு நெரிசலில் பைக் ஆக்சிலரேட்டரைத் திருகுவதை விட்டு, தாம்பரத்துக்கு மின்சார ரயிலில் போ.

6. கால் நன்றாகத்தானே இருக்கிறது? உயிரியல் பூங்காவில் வியர்க்க நட. செவ்வாய்க்கிழமை அங்கே விடுமுறை. அன்றைக்குக் கோர்ட்டுக்கு வா, ஸ்கோர் சொல்ல ஆள் இல்லை.