சனிக்கிழமை அப்பா

குடும்பநல நீதிமன்றத்துக்கு நான் கொண்டுபோன ஃபைலில் சம்பளச் சான்று, வீட்டுப் பத்திரம், மகள் பெயரில் போட்ட டெபாசிட் ரசீது எல்லாம் வரிசையாக இருந்தன. நீதிபதி அம்மா அவற்றைப் புரட்டிப் பார்த்துவிட்டு என்னிடம் ஒன்றே ஒன்று கேட்டார். "பாப்பாவுக்கு எந்த மருந்து ஒத்துக்காது?" எனக்குத் தெரியவில்லை. என் மனைவி மருந்தின் பெயரையும் சொன்னார், அதைக் குடித்துவிட்டு எந்த வயதில் உடம்பெல்லாம் தடித்துப்போனது என்பதையும் சொன்னார்.

மகளுக்கு அப்போது 7 வயது. 1956-ஆம் ஆண்டின் இந்து இளவர் காப்பாளர் சட்டம் இயற்கைக் காப்பாளர் என்று அப்பாவைத்தான் முதலில் சொல்கிறது. அதனால் பிள்ளை எனக்குத்தான் என்று நம்பியிருந்தேன். அதே சட்டத்தின் 13-ஆம் பிரிவு, குழந்தையின் நலனே எல்லாவற்றுக்கும் மேல் என்கிறது. அதை நான் படிக்கவில்லை. 5 வயதுக்குட்பட்ட குழந்தை சாதாரணமாக அம்மாவிடம் இருக்கும் என்ற விதியும் இந்த நலனுக்குக் கட்டுப்பட்டதுதான். ஆகவே மனு போடுகிறவர்கள் கணவன் மனைவி சண்டையைப் பக்கம் பக்கமாக எழுதாதீர்கள். பிள்ளையை யார் எழுப்புகிறார்கள், யார் பள்ளிக்கு விடுகிறார்கள், காய்ச்சல் வந்தால் யார் விழித்திருக்கிறார்கள் என்று எழுதுங்கள். நீதிமன்றம் தேடுவது அதைத்தான்.

நான் பட்ட பெரிய அவமானம் ஆலோசகர் அறையில். முந்தின நாள் எங்கள் வீட்டுக்கு வந்திருந்த மகளுக்கு அவளுடைய அப்பத்தா ஒரு வரி சொல்லிக்கொடுத்திருக்கிறார். "எனக்கு அப்பாகூட இருக்கத்தான் பிடிக்கும்." நானும் தடுக்கவில்லை. ஆலோசகர் கேட்டதும் அவள் அதை ஒப்பித்தாள். இன்னொரு முறை கேட்டார். அதே வார்த்தைகள், அதே வேகம். பிறகு கதவோரம் நின்ற என்னைத் திரும்பிப் பார்த்து, "சரியா சொல்லிட்டேனாப்பா?" என்றாள். விவரம் தெரிந்த வயதென்றால் பிள்ளையின் விருப்பத்தையும் கருதலாம் என்று 1890-ஆம் ஆண்டின் காப்பாளர் சட்டம் இடம் தருகிறது. அந்த விருப்பம் அவளுடையதாக இருக்க வேண்டும். தயவுசெய்து சொல்லிக்கொடுக்காதீர்கள்.

மகள் அம்மாவிடம் இருக்கட்டும் என்று உத்தரவானது. எனக்குச் சனிக்கிழமை காலை 10 முதல் மாலை 5 வரை, கோடை விடுமுறையில் பாதி, புதன்கிழமை இரவு வீடியோ கால். உடன் வசிக்காத பெற்றோரோடும் பிள்ளை போனிலாவது பேசிக்கொண்டிருக்க வேண்டும் என்று 2020-இல் உச்ச நீதிமன்றம் யஷிதா சாஹு வழக்கில் வலியுறுத்தியிருக்கிறது. அதனால் கூச்சப்படாமல் கேளுங்கள். எங்கே, எத்தனை மணிக்கு, யார் கொண்டுவந்து விடுவது, தீபாவளி பொங்கல் யாரிடம், பரீட்சை நாளில் என்ன செய்வது என்று ஒவ்வொன்றையும் உத்தரவில் எழுதி வாங்குங்கள். "வசதிப்படி" என்று விட்ட இடத்தில்தான் எங்களுக்குச் சண்டை வந்தது.

பிள்ளையைக் காட்டவில்லை என்பதற்காக ஜீவனாம்சத்தை நிறுத்தாதீர்கள். பணம் வரவில்லை என்று பிள்ளையை மறைக்காதீர்கள். இரண்டும் வேறு வேறு. உத்தரவை மீறினால் பள்ளி வாசலில் இழுபறி வேண்டாம், அதே நீதிமன்றத்தில் மனு போடுங்கள். குழந்தைப் பொறுப்பு உத்தரவுகள் கல்லில் எழுதியவை அல்ல, நிலைமை மாறினால் மாற்றலாம். 1973-இல் ரோஸி ஜேக்கப் வழக்கிலேயே உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாக்கிவிட்டது. வக்கீல் வைக்க வசதி இல்லாத தாய்மார்கள் மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவுக்குப் போகலாம். பெண்களுக்கு வருமான வரம்பு பார்க்காமல் இலவச சட்ட உதவி உண்டு.

இப்போது சனிக்கிழமைகளில் 5 மணிக்கு முன்பே அவர்கள் தெருவுக்குப் போய்விடுவேன். மகளை ஒப்படைக்கும்போது அவளுடைய அம்மாவிடம் மூன்று விஷயம் சொல்வேன்: என்ன சாப்பிட்டாள், தூங்கினாளா, உடம்பு எப்படி இருந்தது. முதலில் அவர் பதிலே பேசமாட்டார். போன மாதம் ஒருநாள் சளி என்று சொன்னேன். "அந்த மருந்து கொடுக்கலையே?" என்று கேட்டார். பெயரைச் சொல்லி, கொடுக்கவில்லை என்றேன். தலையசைத்துவிட்டு மகளின் பையை வாங்கிக்கொண்டார்.