விசிறி சுழன்றும் கணினித் திரை இருண்டிருந்தால்

வீட்டிலேயே பாகங்களைப் பொருத்திய கணினிக்குரியவை:

1. மானிட்டர் கேபிளை மதர்போர்டில் அன்றி, படத்தை உருவாக்கும் தனி அட்டையான கிராபிக்ஸ் கார்டில் செருகுக. பெயரின் இறுதியில் எஃப் எழுத்துடைய இன்டெல் பிராசசர்களில் உள்ளமைந்த கிராபிக்ஸ் இயங்காததால், மதர்போர்டின் போர்ட் படம் தராது. பழுதெனக் கருதப்படுவனவற்றில் பல இத்துடன் தீர்ந்துவிடும்.

2. கார்டில் 6 அல்லது 8 முனை மின்இணைப்பு இருப்பின் தவறாது இணைக்கவும். ஸ்லாட் வழியாக 75 வாட் மட்டுமே கிடைக்கும்.

3. மின்கம்பியை உருவியபின் ரேம்களைக் கழற்றி, ஒன்றை மட்டும் கையேடு சுட்டும் ஸ்லாட்டில் 'கிளிக்' ஒலி கேட்கும்வரை அழுத்திப் பொருத்துக. அரைகுறையாகப் பதிந்த ரேம் தொடக்கச் சோதனையையே நிறுத்திவிடும். டிடிஆர்5 ரேம் எனில், முதல் இயக்கத்தில் மதர்போர்டு அதனோடு தன்னைப் பொருத்திக்கொள்ளச் சில நிமிடங்கள் ஆகலாம் என்பதால், பொறுமையிழந்து அணைத்துவிடலாகாது.

4. விண்டோஸுக்கு முன்பே விழிக்கும் அடிப்படை மென்பொருளான பயாஸ் தவறான அமைப்பில் சிக்கியிருந்தால், மின்சாரத்தைத் துண்டித்து, சிஆர்2032 பட்டன் பேட்டரியை 5 நிமிடம் கழற்றி வைக்கவும். அமைப்புகள் தொடக்கநிலைக்குத் திரும்பும்.

5. திரையில் படம் வந்தும், விண்டோஸ் திறந்தபின் மட்டும் அது சிதறினால், குறைந்தபட்ச டிரைவர்களுடன் விண்டோஸை இயக்கும் சேஃப் மோடில் நுழைந்து பழைய கிராபிக்ஸ் டிரைவரை நீக்குக. வேறு கேபிளிலும் வேறு மானிட்டரிலும் சேஃப் மோடிலேயே படம் சிதறினால், பெரும்பாலும் கார்டுதான் பழுது.