பெயர் பொறியாத கலங்கள்

மனிதர் கண்ட கைத்தொழில்களுள் மிகப் பழமையானவற்றுள் ஒன்று மட்கலம் வனைதல். காலால் மிதிபடும் களிமண், குயவர் கைப்பட்டதும் சோறு ஆக்கும் பானையாகவும் நீர் முகக்கும் குடமாகவும் உருப்பெறுகின்றது. இத்தொழிலால் வாழ்ந்தோர் பலர். புகழ் பெற்றோர் சிலர். புகழ் தேடி வந்தபோதும் அதனை ஒதுக்கி, தொழிலிலேயே வாழ்வின் பொருளைக் கண்டோர் மிகச் சிலரே. அச்சிலருள் ஒருவர் ஜப்பான் நாட்டுக் கவாய் கஞ்சிரோ.

கவாய் 1890ஆம் ஆண்டில் யசுகி என்னும் ஊரில் பிறந்தார். டோக்கியோ நகரத் தொழிற்கல்விக் கூடத்தில் மட்கலத் தொழிலை முறையாகப் பயின்று, 1914இல் தேர்ச்சி பெற்றார். பின்னர்க் கியோட்டோ நகர ஆய்வுக்கூடத்தில் பணியேற்று, தம் நண்பர் ஹமாதா சோஜியுடன் மெருகுப் பூச்சுகளை ஆராய்ந்தார். சாம்பல், மண், உலோகத்துகள் முதலியவற்றை நீரில் கரைத்துக் கலத்தின்மீது பூசிச் சூளையில் இட்டால், அப்பூச்சு உருகிக் கண்ணாடிபோல் படியும். செம்பு கலந்த பூச்சு, சூளையில் காற்று மிகுந்திருப்பின் பச்சையாகும். காற்றுக் குறைந்து புகை சூழ்ந்திருப்பின் செந்நிறம் பெறும். அச்செந்நிறத்தை வருவிப்பதில் கவாய் வல்லவரானார்.

1920இல் கியோட்டோவில் தமக்கென ஒரு சூளையைப் பெற்றார். மறு ஆண்டு நடத்திய முதற் கண்காட்சியிலேயே அவர் பெயர் எங்கும் பரவியது. பழைய சீன, கொரியக் கலங்களின் அழகை ஒட்டி அமைந்த அப்படைப்புகளை அறிஞர் போற்றினர். ஆயினும் அவர் உள்ளம் அமைதியுறவில்லை. முன்னோர் கண்ட அழகையே மீண்டும் செய்து காட்டுவதுதானா தம் பணி என்னும் ஐயம் அவரை வருத்தியது. புகழின் உச்சியில் இருந்தபோதே கண்காட்சிகளைச் சில ஆண்டுகள் நிறுத்திக்கொண்டார்.

அக்காலத்தில் யனாகி சோயெத்சு என்னும் அறிஞர், பெயர் அறியப்படாத தொழிலாளர் அன்றாடப் பயனுக்காகச் செய்த பொருள்களில் உறையும் அழகை எடுத்துரைத்து வந்தார். 1925இல் அவரும் கவாயும் ஹமாதாவும் அத்தகைய பொருள்களுக்கு ‘மிங்கே’ என்று பெயரிட்டனர். மக்கட்கலை என்பது அதன் பொருள். கவாய் கிண்ணமும் தட்டும் சாடியுமாக மக்கள் கையாளும் கலங்களை வனையலானார். அவற்றில் தம் பெயரைப் பொறிப்பதையும் விட்டார்.

பெயரை விடுதல் எளிதோ? புகழ்பெற்றவர் பெயர் பொறித்த கலத்துக்கு விலை உயரும் என்பதை அவர் அறியாதவர் அல்லர். ஆனால் எவரும் தனித்து நின்று தொழில் செய்வதில்லை என்பது அவர் கருத்து. எண்ணிப் பார்ப்பின் இது விளங்கும். களிமண்ணை நிலம் தந்தது. கைத்திறனை முன்னோர் தந்தனர். நிறத்தைத் தீ தந்தது. படிப்படியாக உயர்ந்து செல்லும் எட்டு அறைகளையுடைய அவருடைய சூளையில் அண்டைக் குயவரும் தத்தம் கலங்களை அடுக்கிச் சுட்டனர். இத்தனை பேர் துணையால் உருவான ஒன்றில் ஒருவர் பெயரை மட்டும் எவ்வாறு எழுதுவது?

1937இல் பாரிஸ் நகரிலும், 1957இல் மிலான் நகரிலும் நடந்த கண்காட்சிகளில் அவர் கலங்கள் பெரும்பரிசு பெற்றன. 1955இல் ஜப்பான் அரசு சிறந்த கைவினைஞரை ‘வாழும் தேசியச் செல்வம்’ எனச் சிறப்பிக்கத் தொடங்கியது. ஹமாதா அச்சிறப்பை ஏற்றார். கவாய் பணிவுடன் மறுத்தார். ஏற்றது இழுக்கன்று, மறுத்தது செருக்குமன்று. இருவர் கலங்களும் ஒரே அன்புடன் செய்யப்பட்டவையே. ஆயினும் கவாய்க்கு, காலையில் எழுந்து களிமண்ணைத் தொடும் உரிமையே போதிய சிறப்பாக இருந்தது.

அவர் 1966இல் மறைந்தார். அவர் வாழ்ந்த இல்லம் 1973இல் காட்சியகமாகத் திறக்கப்பட்டது. பழைய சூளையும் அங்கேயே உள்ளது. பெயர் இல்லாத அவர் கலங்களை, வடிவையும் நிறத்தையும் கண்ட அளவிலேயே இவை கவாயின் கைவண்ணம் என்று அறிந்தோர் கூறுகின்றனர். தச்சு, நெசவு, உழவு, கல்வி ஆகிய எத்தொழிலாயினும், செய்பவர் தம் முழு மனத்தையும் அதில் வைத்தால் அப்பணியே அவரை உலகுக்கு அறிவிக்கும்.